ஒரு கஜத்தின் விலை

கதரைப் பற்றிப் பேசுகையில் நாம் தேசபக்தியைப் பேசுகிறோம்; விலையைப் பேசுகிறோம்; அங்குலக் கணக்கைப் பேசுவதில்லை. காந்தியடிகளோ அதையும் விட்டாரில்லை. ஆசிரமத்தில் முதன்முதலில் நெய்த கதர் கஜம் 17 அணா அடங்கிற்று. அகலமோ 30 அங்குலமே. ஒரு மாதத்திற்குள் 45 அங்குல வேட்டி கிடைக்காவிடில் குட்டை வேட்டியையே உடுத்தப் போவதாகக் கங்காபென் அம்மையாருக்கு அவர் அறிவித்துவிட்டார். கெடுவுக்குள்ளேயே ஒரு ஜோடி வேட்டி வந்து சேர்ந்தது. அடிகள் தமது சுயசரிதையில் எழுதியுள்ள செய்தி இது.

அகலம் பெரும்பாலும் தறியின் அச்சோடு தீர்மானமாகிவிடும். நீளம் அப்படியன்று, அதை நெசவாளர் நாள்தோறும் காவல் காக்க வேண்டும். ஏன் அத்தனை காவல்? கணக்குப் பார்ப்போம்.

நாலு கஜ நீளமும் 45 அங்குல அகலமும் உள்ள வேட்டி ஒன்று. அங்குலத்துக்குப் பாவில் 40 இழை, ஊடையில் 40 இழை. பாவுக்கு 7,200 கஜ நூல், ஊடைக்கு 7,200 கஜம்; சேதாரம் நீங்கலாக 14,400 கஜம். நாலடிச் சுற்று 640 கொண்டது அக்காலத்து ஒரு சிட்டம். அக்கணக்கில் இது ஏறத்தாழ 17 சிட்டம். மணிக்கு 300 கஜம் நூற்பவருக்கு இது 48 மணி நேர உழைப்பு. 1924-ல் பெல்காம் காங்கிரஸ் அங்கத்தினர்களிடம் கேட்டது மாதம் 2,000 கஜம். அந்த விகிதத்தில் ஒரு வேட்டிக்கு ஏழு மாதத்துக்கு மேல் ஆகும்!

ஆக, ஒரு கஜத் துணியில் முன்பின் அறியாத ஒருவருடைய 12 மணி நேரம் அடங்கியிருக்கிறது. தறியில் அரை கஜம் கணக்குத் தப்பினால் வேட்டி துண்டாகிவிடும். அவ்வளவு உழைப்பும் குறைந்த விலைக்குப் போகும்.

கணக்குத் தப்புவதும் எளிது. பாவை இழுத்துப் பிடித்தால்தான் இழைகள் மேலும் கீழும் பிரிந்து நாடா ஓட வழிவிடும். அந்த இறுக்கத்தில் அளந்தால் 36 அங்குலம்; இறக்கிய பின் அவ்வளவு இராது. ஊடையைத் தழுவி வளைந்து செல்வதாலும் பாவு குறுகுகிறது. சலவையில் இன்னும் குறுகுகிறது. பாவின் கடைசிப் பகுதி விழுதுக்குப் பின்னாலேயே நெய்ய முடியாமல் நின்றுவிடும். நெய்த துணியோ படைமரத்தில் சுருண்டு கண்ணுக்கு மறைகிறது. சுற்றுக்களை எண்ணலாமென்றால், சுருள் பருக்கப் பருக்க ஒவ்வொரு சுற்றும் நீளுகிறது. கைநூலோ ஆளுக்கொரு முறுக்கு. ஒரு பாவின் கணக்கு மறு பாவுக்கு உதவாது.

இதற்கு மருந்து எளியதே. முதலில் ஒரு சிறு துண்டு நெய்து அளந்து, அறுத்து, நனைத்து உலர்த்தி மறுபடி அளக்க வேண்டும். 36 அங்குலம் 34 ஆனால், ஒரு கஜத்துக்குத் தறியில் 38 அங்குலத்துக்குச் சற்று அதிகமாக நெய்ய வேண்டுமென்று பொருள். அந்த நீளத்துக்கு ஒரு கோல் வெட்டிக்கொள்ளலாம். துண்டை அளந்தபோது பாவு எவ்வளவு இறுக்கமோ, அதே இறுக்கத்தில் ஒவ்வொரு முறையும் கோலை வைத்து, அது முடியும் இடத்தில் கரையோரம் ஒரு வர்ண நூலை முடிய வேண்டும். துணி சுருண்டாலும் முடிச்சு ஓரத்தில் தெரியும். முடிச்சு விழுந்ததும் பலகையில் ஒரு கோடு. நினைவை மட்டும் நம்புவது ஆபத்து. நடுவில் அறுந்த இழையொன்றை முடிந்து நிமிர்வதற்குள் எண்ணிக்கை மறந்துபோகும்.

அடுத்த முறை கதர்க் கடையில் வேட்டியை விரித்து முழம் போடும்போது, நேயர்கள் அந்த வர்ண நூலைச் சற்று நினைத்துக்கொள்ள வேண்டும். நூற்றவர் கையும் நெய்தவர் கையும் ஒன்றையொன்று கண்டதில்லை. ஆயினும், யாரோ நூற்ற நூலை ஓர் அங்குலமும் வீணாக்கலாகாது என்று எண்ணித்தான் நெய்தவர் அந்த முடிச்சைப் போட்டிருக்கிறார்.