பிறர் நோன்பு திறக்கப் பரிமாறும் கரங்கள்

சென்ற நோன்புப் பெருநாளுக்குப் பின், என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்தார். மத்ரஸாவுக்கு வந்து ஸலாம் கூறி அமர்ந்தார். பல நாடுகளில் கிளைகள் கொண்ட துரித உணவகம் ஒன்றின் துபைக் கிளையில் அவர் ஐந்தாண்டுகளாகப் பணிபுரிகிறார்.

"சாப்பாட்டுக் கடை வேலைதானே தம்பி! வயிறார உணவு, குளிரூட்டிய அறை, உனக்கென்ன குறை?" என்றேன்.

"குளிர்ச்சி சாப்பிட வருபவர்களுக்கு ஹஜ்ரத்; எங்களுக்கு எண்ணெய்ச் சட்டி" என்று சிரித்தார். அஸருக்குப் பின் தொடங்கிய பேச்சு மஃரிப் பாங்கு வரை நீண்டது.

நொடிக்கணக்கில் ஒரு சமையல்

இத்தகைய உணவகங்களின் வேலை முறைக்கு வித்திட்டவர்கள் அமெரிக்காவின் மெக்டொனால்டு சகோதரர்கள். 1948-இல் கலிபோர்னியாவில் இருந்த தம் கடையில், சமையலைத் தொழிற்சாலை வேலைபோல் பகுத்தார்கள். ஒருவர் இறைச்சியை வாட்டுவார். ஒருவர் ரொட்டியில் அடுக்குவார். ஒருவர் பொட்டலம் கட்டுவார். அம்முறைதான் இன்று உலகெங்கும் பரவியுள்ளது.

எண்ணெயில் இட்ட கோழித்துண்டை எப்போது எடுப்பதென்று மணி ஒலிக்கிறது. வாடிக்கையாளர் எத்தனை நொடிகளாகக் காத்திருக்கிறார் என்று திரை காட்டுகிறது. குறித்த நேரத்திற்குள் விற்காத பண்டம் குப்பைக்குப் போகிறது. பசியறிந்த வீட்டுப் பிள்ளைக்கு, நல்ல உணவைத் தன் கையாலேயே கொட்டுவதுதான் முதல் மாதத்தில் மிகக் கடினமாக இருந்ததாம். கடை மூடியபின் எண்ணெயை வடிகட்டி, தரையைத் தேய்த்துக் கழுவி அறை திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். அதுவரை நின்ற கால் நின்றபடியே.

நன்மைகளையும் அவர் மறைக்கவில்லை. தூய்மையும் நேரந்தவறாமையும் அங்கே கற்றார். நேபாளியரோடும் பிலிப்பினோக்களோடும் எகிப்தியரோடும் பழகி ஆங்கிலமும் அரபும் பேசுகிறார். அவ்வருவாயில்தான் தங்கையின் நிக்காஹ் நடந்தது.

ஒரு பேரீத்தம்பழம்

ரமலானைப் பற்றிக் கேட்டபோது சற்று மௌனமானார். மஃரிப் வேளையில்தான் கூட்டம் அலைமோதுமாம். பாங்கு கேட்டதும் வாயில் ஒரு பேரீத்தம்பழம், ஒரு மிடறு தண்ணீர். மறுகணம் மீண்டும் அடுப்படி. முறைவைத்துத் தொழுதுவிட்டு உணவில் கைவைக்கச் சில நாட்கள் இஷா ஆகிவிடும்.

"தொலைபேசியில் உம்மா தினமும் கேட்பார்கள், வயிறு நிறைய நோன்பு திறந்தாயா என்று. ஆமாம் என்பேன். நீங்கள் சொல்லிவிடாதீர்கள் ஹஜ்ரத்."

பெயரின்றி எழுத அவரே இசைந்ததால் இதை எழுதுகிறேன்.

சட்டம் அவருக்குத் துணை நிற்காமல் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி நேரமே வேலை. இடைவேளையின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ரமலானில் நாளொன்றுக்கு 2 மணி நேரம் குறைக்க வேண்டும். ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கவோ, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கவோ கூடாது. பிள்ளைகளைப் பயணம் அனுப்பும் பெற்றோர் இவற்றை அறிந்துகொண்டு அனுப்புவது நலம்.

நம் கடமை

தன் கையால் உழைத்து உண்பதே மேலான உணவென்றும், நபி தாவூத் (அலை) அவ்வாறே உண்டார்கள் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) போதித்தார்கள். உணவு கொண்டுவரும் பணியாளரை உடனமர்த்தி உண்ணச் செய்யுமாறும், இயலாவிடில் ஓரிரு கவளமேனும் அவருக்கு அளிக்குமாறும் பணித்தார்கள். ஏனெனில் அடுப்பின் வெம்மையைத் தாங்கியவர் அவரல்லவா? இந்நபிமொழியைப் பல்லாண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். அதன் பொருளை அன்று என் மாணவரே எனக்குக் கற்பித்தார்.

உணவகம் நடத்தும் சகோதரர்களே! மஃரிப் நேரத்தில் ஒரு பத்து நிமிடம் உங்கள் பணியாளர்களை முறைவைத்தேனும் அமரச் செய்து, வயிறார நோன்பு திறக்க வையுங்கள். குடும்பத்தோடு உண்ணச் செல்வோரே! உணவு இரண்டு நிமிடம் தாமதமானால் கடிந்துகொள்ளாதீர்கள். பரிமாறுபவருக்கு ஒரு ஸலாம் சொல்லுங்கள். அவரும் ஏதோ ஓர் உம்மாவிடம், வயிறு நிறைந்ததென்று பொய் சொல்லிவிட்டு வந்தவராக இருக்கலாம்.

ஹலாலான உழைப்பில் வியர்வை சிந்தும் நம் பிள்ளைகளுக்கு வல்ல நாயன் பரக்கத் செய்வானாக! ஆமீன்.