ஒரே வழி, பல பேர் – யார் முதலில் பேசுவது?



கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்தில் பஸ், ஸ்டார், ரிங் என்று மூன்று டோபாலஜி படம் வரைவோம். ஸ்கேல் வைத்து அழகா வரைந்தால் முழு மார்க்! ஆனால் அந்தப் படத்தில் இருக்கிற ஒரே கோட்டில் இரண்டு கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால் என்ன ஆகும்? இதை நான் புரிந்துகொண்டது கடலூர் துறைமுகத்தையும் சிதம்பரம் ரயில் பாதையையும் வைத்துத்தான். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க மாமா முதுநகரில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். படகில் வி.எச்.எஃப். வயர்லெஸ் செட் இருக்கும். பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் அடுத்தவர் சொல்வது கேட்கும். ஒரு சானலில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் சேர்ந்து அழுத்திவிட்டால் மற்ற படகுகளில் வெறும் கர்ர்ர் சத்தம், இல்லைன்னா பக்கத்தில் இருக்கிறவர் குரல் மட்டும் கேட்கும். அதனால் முதலில் காது கொடுத்துக் கேட்கணும், யாரும் பேசவில்லை என்றால்தான் பொத்தானைத் தொடணும். 16-வது சானல் உலகம் முழுக்க ஆபத்துக்கும் அழைப்புக்கும் ஒதுக்கப்பட்டது. அதில் ஆளைக் கூப்பிட்டதும் வேறு சானலுக்கு மாறிவிட வேண்டும். அதில் போய் ஊர்க்கதை பேசினால் மாமாவே திட்டுவார்!

கம்ப்யூட்டர்களுக்கும் இந்தத் தொல்லை முதலில் கடல் நடுவில்தான் வந்தது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிளைகள் பல தீவுகளில் இருந்தன. நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியரும் அவர் குழுவும் 1971-ல் அவற்றை ரேடியோ மூலம் இணைத்தார்கள். பெயர் ‘அலோஹா’. அதன் விதி ரொம்ப எளிது: செய்தி இருந்தால் உடனே அனுப்பு. பதில் வரவில்லையென்றால் மோதிவிட்டது என்று அர்த்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பு. கேட்காமலே பேசுகிற முறை இது. அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், அதிகபட்சம் நூற்றுக்கு 18 பங்கு நேரம்தான் உருப்படியாகப் பயன்படும், மீதி வீண். நேரத்தைச் சின்னச் சின்ன கட்டங்களாகப் பிரித்து, கட்டம் தொடங்கும்போது மட்டும்தான் அனுப்பலாம் என்று வைத்ததும் இது 37 ஆக ஏறியது. ஒரே ஒரு ஒழுங்கு, இரண்டு மடங்கு பலன்!

இதைப் படித்த பாப் மெட்கால்ஃப் 1973-ல் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் ஈதர்நெட்டை உருவாக்கினார். ஒரு நீள ஒயர், எல்லா கம்ப்யூட்டரும் அதில்தான். இதுதான் பஸ் டோபாலஜி. மாமாவின் விதிதான் இங்கேயும்: முதலில் கேள், பிறகு பேசு. கூடவே இன்னொன்று: பேசும்போதும் கேட்டுக்கொண்டே இரு. மோதல் தெரிந்தால் அந்த நொடியே நிறுத்து.

சரி, மோதிய இரண்டு பேரும் நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஆரம்பித்தால் மறுபடியும் மோதுமே? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருது. முதல் மோதலுக்குப் பிறகு ஒவ்வொன்றும் 0, 1 என்ற இரண்டில் ஒரு எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுக்கும். அத்தனை கட்டம் காத்திருக்கும். மறுபடி மோதினால் 0 முதல் 3 வரை ஒரு எண். அப்புறம் 0 முதல் 7 வரை. இப்படி இரட்டித்துக்கொண்டே 1023 வரை போகும். 16 தடவை மோதினால் ‘முடியலை’ என்று கைவிட்டுவிடும். (ஒரு கட்டம் என்பது 10 மெகாபிட் ஈதர்நெட்டில் 51.2 மைக்ரோ விநாடிதான், நமக்குத் தெரியவே தெரியாது.) கவனியுங்க, கூட்டம் அதிகமாக ஆக ஒவ்வொருவரும் இன்னும் அதிகமாகப் பின்வாங்குகிறார்கள். யாரும் மேலே நின்று கட்டளை போடவில்லை. அதனால்தான் ஒயர் அடைத்துக்கொள்ளாமல் ஓடுது.

வை-ஃபையில் இது அப்படியே நடக்காது. மாமா பொத்தானை அழுத்தியிருக்கும்போது அவருக்கு வேறு எதுவும் கேட்காது இல்லையா? வை-ஃபை கருவிக்கும் அதே நிலைதான், தன் குரல் மற்றதை மூழ்கடித்துவிடும். மோதலைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் தவிர்க்கப் பார்க்கிறது: பேசும் முன்னாடியே கொஞ்சம் காத்திருந்து, செய்தி கிடைத்ததா என்ற பதிலையும் எதிர்பார்க்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. கடலூருக்கு நேரே ஒரு படகு, தெற்கே ரொம்ப தூரத்தில் பரங்கிப்பேட்டைக்கு நேரே ஒரு படகு. இரண்டுக்கும் நடுவில் மாமா. ஓரத்தில் இருக்கிற இரண்டு பேருக்கும் ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டாவிட்டால், இருவருமே ‘சானல் காலி’ என்றுதான் நினைப்பார்கள். மோதுவது மாமா காதில்! கேட்டுவிட்டுப் பேசினாலும் இது நடக்கும். அதனால் ‘பேசட்டுமா?’ என்று சின்னதாகக் கேட்டு, நடுவில் இருப்பவர் ‘பேசு’ என்று சொன்ன பிறகு அனுப்பும் வழியும் வை-ஃபையில் இருக்கு.

மோதலே கூடாது என்றால்? அதற்கு ரயில்காரர்கள்தான் வழி காட்டினார்கள். கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை வழியாகச் சிதம்பரம் போகிற பாதை 2010-ல் அகலப்பாதை ஆனது. அதற்கு முன் அது மீட்டர் கேஜ், ஒற்றைப் பாதை. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் கதை முடிஞ்சுது. இம்மாதிரிப் பாதைகளில் ஓடிய ‘டோக்கன்’ முறையை ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தா எனக்குச் சொல்லியிருக்கார். இரண்டு ஸ்டேஷனிலும் ஒரு பெட்டி இருக்கும், மின்சாரத்தால் ஒன்றோடொன்று பூட்டப்பட்டது. இரண்டிலும் சேர்த்து ஒரே ஒரு உலோகக் குண்டைத்தான் வெளியே எடுக்க முடியும். அந்தக் குண்டு இருக்கிற பையை வளையத்தில் மாட்டி டிரைவருக்குக் கொடுப்பார்கள். குண்டு கையில் இல்லையென்றால் வண்டி நகரக் கூடாது.

1985-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த டோக்கன் ரிங் இதேதான். கம்ப்யூட்டர்கள் வளையமாக நிற்கும், டோக்கன் என்ற சின்ன செய்தி சுற்றி வரும், அது யார் கையில் வருதோ அவர்தான் பேசலாம். எவ்வளவு கூட்டமானாலும் நம்ம முறை வந்தே தீரும். ஈதர்நெட்டில் அந்த உறுதி கிடையாது. டோக்கன் தொலைந்தால் புதுசு போட ஒரு கம்ப்யூட்டர் கண்காணித்துக்கொண்டே இருக்கும். இவ்வளவு நல்லது ஏன் தோற்றது? விலைதான். ஈதர்நெட் மலிவு. தவிர, வளையத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. சிதம்பரத்தில் தேர் கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று ஒரே பக்கமாகச் சுற்றி வருதே, நடுவில் ஒரு இடத்தில் பள்ளம் தோண்டியிருந்தால் தேர் நிலைக்கு எப்படி வரும்?

இப்போது கம்ப்யூட்டர் லேபில் பொதுவாக இருப்பது ஸ்டார். நடுவில் ஸ்விட்ச், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி ஒயர், போக வர இரண்டு வழி. மோதலுக்கு இடமே இல்லை. ஒரு ஒயர் போனால் ஒரு கம்ப்யூட்டர்தான் போகும். ஆனால் நடு போனால் எல்லாம் போச்சு.

நம்ம பக்கத்திலேயே இதற்கு நிஜமான உதாரணம் இருக்கு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வில்லியனூர் நடு மையம். அங்கே தகவலைத் தமிழாக்கி, தொலைபேசி, ரேடியோ வழியாகக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். வீராம்பட்டினத்தில் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று, கடலூருக்குப் பக்கத்தில் இருக்கிற நல்லவாடு கிராமத்துக்கு எச்சரிக்கை வந்தது நடு மையத்திலிருந்து இல்லை. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போன் போட்டார். ஊர்க்காரர்கள் தகவல் மையக் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் எல்லாரையும் ஓடச் சொன்னார்கள். நட்சத்திரத்தின் நடுவுக்கு வராத செய்தி, தனியாக ஒரு இழை வழியாக வந்தது. ஒலிபெருக்கி அந்த ஊரிலேயே இருந்ததால் உயிர்கள் பிழைத்தன.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரை அடித்தபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. கரண்ட் இல்லாவிட்டால் செல்போன் டவரும் ரொம்ப நேரம் தாங்காது. டவர் உயிரோடு இருந்தாலும் புயல் நேரத்தில் லைன் கிடைக்காது. ஏன் தெரியுமா? போன் பேசும் முன் டவரிடம் ‘எனக்கு இடம் கொடு’ என்று பொதுவான ஒரு வழியில் கேட்கணும். அது ஏறக்குறைய கட்டம் பிரித்த அலோஹாவேதான்! போன் தானாகக் கொஞ்சம் காத்திருந்துதான் மறுபடி கேட்கும். ஆனால் நாம என்ன செய்கிறோம்? ரீடயல், ரீடயல், ரீடயல். ஈதர்நெட் இரட்டித்துப் பின்வாங்குது, ஊரே சேர்ந்து முன்னால் தள்ளுது. அலோஹா கணக்குப்படி ஓர் அளவுக்கு மேல் தள்ளினால் போய்ச்சேரும் அழைப்பு கூடாது, குறையும்.

எஸ்.எம்.எஸ். வேறு மாதிரி. அதற்குப் பேச்சு வழி வேண்டாம், சின்ன சிக்னல் வழியிலேயே போய்விடும். எதிர்ப்பக்கம் கிடைக்காவிட்டால் நடு மையத்தில் தங்கி, பிறகு தானாகவே முயற்சி செய்யும். 140 பைட், தமிழில் உயிர்க்குறிகளையும் தனித்தனியாக எண்ணி 70 எழுத்து. ‘நல்லா இருக்கோம், ஸ்கூல்ல தங்கியிருக்கோம்’ என்று அனுப்ப அது தாராளம்.