டிராக்டர் கைமாறினால் போதாது, பெயர் மாற வேண்டும்

பழைய டிராக்டர் பார்க்கப் போகிறவர் கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போவது நம் ஊர்களில் நல்ல வழக்கம். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்து புகையைப் பார்ப்பார், கிளட்சை அழுத்திப் பார்ப்பார், டயர் தேய்மானத்தைச் சொல்லி ஐயாயிரம் குறைத்தும் தருவார். பேரம் படிந்து அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் ஆர்.சி. புக் மேசைக்கு வரும். கையெழுத்துப் போட்ட வெறும் ஃபார்ம்களோடு அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் வாங்கிக்கொண்டு, ‘அறுவடை முடியட்டும், பேர் மாத்திக்கலாம்’ என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். இந்த வரிசை தலைகீழானது. இன்ஜினில் குறை இருந்தால் போவது ரிப்பேர் செலவு. காகிதத்தில் குறை இருந்தால் முழு வண்டியும் போகலாம். விபத்து ஒன்று நடந்துவிட்டால் வண்டியின் விலையைப் போலப் பல மடங்கும் போகலாம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது காகிதம், அதன் பிறகுதான் இன்ஜின்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, ‘உரிமையாளர்’ என்று சொல்வது யாரை? பணம் கொடுத்தவரையோ, சாவி வைத்திருப்பவரையோ அல்ல. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரை. 2009-ல் நடந்த ஒரு கார் விபத்தில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. முதல் உரிமையாளர் காரை விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு, அவர் மற்றொருவருக்கு என்று கார் பல கை மாறியது. பதிவுப் பெயர் மட்டும் மாறவே இல்லை. நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற அந்த வழக்கில் 2018-ல் வந்த தீர்ப்பு, இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் உள்ள முதல் உரிமையாளருக்கே என்றது. விபத்தில் அடிபட்டவர் வண்டி போன வழியெல்லாம் தேடிக்கொண்டு அலைய முடியாது என்பதே அதன் நியாயம். டிராக்டருக்கும் சட்டம் இதுவே. இன்சூரன்ஸ் காலாவதியான டிராக்டரை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டவர், இரண்டு ஆண்டு கழித்து யாரோ ஓட்டி யாரோ இறந்ததற்கு நோட்டீஸ் வாங்க நேரிடும். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகையை மாவட்ட ஆட்சியர் மூலம் நிலவரி பாக்கியைப் போலவே வசூலிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. எனவே பெயர் மாற்றம் வாங்குகிறவரின் தலைவலி மட்டுமல்ல. விற்கிறவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

வாங்கியவர் பக்கத்து ஆபத்து இன்சூரன்சில் ஒளிந்திருக்கிறது. வண்டி கைமாறினால் மூன்றாம் நபருக்கான காப்பீடு தானாகவே புதியவருக்கு மாறியதாகச் சட்டத்தின் 157-ஆம் பிரிவு கருதுகிறது. இதை மட்டும் கேள்விப்பட்டவர்கள் ‘இன்சூரன்ஸ் கூடவே வந்துடும்’ என்று நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அப்படித் தானாக மாறாது என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லிவிட்டது. இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. உரிமையாளரே ஓட்டும்போது இறந்தால் 15 லட்சம் ரூபாய் தரும் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு, பதிவேட்டிலும் பாலிசியிலும் பெயர் உள்ள, செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கும் உரிமையாளருக்கு மட்டுமே பொருந்தும். டிராக்டரில் பெரிய பயமே கவிழ்வதுதான்: வரப்பு ஏறும்போது முன்பக்கம் தூக்கிவிடுகிறது, வாய்க்கால் கரையில் ஒரு சக்கரம் இறங்கிவிடுகிறது. பெயர் மாற்றாத வண்டியில் அப்படி ஒருவர் இறந்தால், பழைய உரிமையாளர் பெயரில் இருக்கும் பாலிசி அவர் குடும்பத்துக்கு அந்தத் தொகையைத் தராது.

மூன்றாவது சிக்கல் கடன். பெரும்பாலான டிராக்டர்கள் ஃபைனான்சில்தான் வாங்கப்படுகின்றன. ஆர்.சி.யில் ‘ஹெச்.பி.’ என்ற கடன் பதிவு இருக்கும்வரை கடன் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் பெயர் மாறாது. ‘நாலு டியூதான் பாக்கி, நீங்க கட்டிக்குங்க’ என்று சொல்லி விலையைக் குறைத்துத் தள்ளிவிடப்படும் வண்டிகள் இந்த ரகம். டியூவை நீங்கள் ஒழுங்காகக் கட்டினாலும் ரசீது பழையவர் பெயரில்தான் விழும். அதே நிறுவனத்தில் அவருக்கு வேறொரு கடன் இருந்து அது நின்றுபோனால், ஒப்பந்தத்தைக் காட்டி என்.ஓ.சி.யை (தடையில்லாச் சான்றை) நிறுத்தி வைக்கப் பார்ப்பார்கள். தவணை தவறினால் வண்டியைச் சீஸ் செய்ய வருகிறவர்கள் அது யார் தோட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பதில்லை. அடியாட்களை வைத்து வண்டியைப் பிடுங்குவதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்திருக்கிறது. ஆனால் அந்தக் கண்டனம் கடனைத் தள்ளுபடி செய்துவிடவில்லை. நிறுவனத்தின் என்.ஓ.சி., ஹெச்.பி. ரத்துக்கான 35-ஆம் எண் படிவம் இரண்டும் கையில் வராமல் முழுப் பணத்தையும் தருவது அடுத்தவர் கடனை நம் தலையில் ஏற்றிக்கொள்வதுதான்.

நான்காவது, போலீஸ் வழக்கு. மணல் கடத்தலில் பிடிபட்ட டிராக்டரை வழக்கு நடக்கும்போதே நீதிமன்றம் இடைக்காலமாக உரிமையாளரிடம் ஒப்படைப்பது உண்டு. அப்போது வண்டியை விற்கக் கூடாது, கேட்கும்போது கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டு ஜாமீன் பத்திரம் எழுதி வாங்குவார்கள். இந்த நிபந்தனை ஆர்.சி. புக்கில் தெரியாது. சந்தை விலையைவிடச் சில பத்தாயிரம் குறைவாக, ‘அவசரப் பணத் தேவை’ என்ற காரணத்தோடு வரும் வண்டியில் இதைச் சந்தேகிக்கலாம். திருட்டு வண்டி என்றால் கதை இன்னும் மோசம்: விற்றவருக்கே இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது. அதனால்தான் சேஸ் நம்பரைக் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அது இருக்கும் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கிரீஸையும் மண்ணையும் துணியால் துடைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்து பென்சிலால் தேய்த்தால் எண்கள் அப்படியே பதியும். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். சுற்றியுள்ள இரும்பு மட்டும் தனியாகப் பளபளத்தாலோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலோ பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். அந்தத் தாளை ஆர்.சி.யோடும், எம்-பரிவாகன் செயலி காட்டும் விவரத்தோடும் ஒப்பிட வேண்டும். தகுதிக் காலம், இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் பதிவு எல்லாம் அதே செயலியில் தெரியும். நிலுவை அபராதங்களை இ-சலான் தளத்தில் பார்க்கலாம்.

வண்டியை எதற்கு ஓட்டப் போகிறோம் என்பதும் காகிதத்தோடு பொருந்த வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் விவசாய டிராக்டரைப் போக்குவரத்து வாகனம் அல்ல என்கின்றன; அதன் பாலிசியும் பெரும்பாலும் விவசாய வேலைக்கு மட்டும் என்றே இருக்கும். வாங்கியவர் உழவு இல்லாத மாதங்களில் செங்கல், எம்-சாண்ட் ஏற்றி நாலு காசு பார்க்க நினைப்பது இயல்பு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பிடிப்பது இந்தப் பிடியைத்தான். செங்கல் சூளைக்கு மண் ஏற்றிப் போன டிராக்டரில் உட்கார்ந்து வந்து அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கு 2007-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அது விவசாய வேலை அல்ல, ஆகவே நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்றது நீதிமன்றம். தொழிலாளியின் ஏழ்மையைக் கருதித் தனது சிறப்பு அதிகாரத்தால் நிறுவனத்தை முதலில் பணம் கொடுக்கச் சொல்லி, பிறகு அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள அனுமதித்தது. கடைசியில் பாரம் விழுந்தது டிராக்டர்காரர் தலையில். நடவுக்கும் களை எடுப்புக்கும் ஆட்களை டிரெய்லரில் ஏற்றிப் போகிற ஒவ்வொருவரும் இந்த வழக்கை நினைவில் வைக்க வேண்டும். டிரெய்லரும் சேர்த்து வாங்கினால் அதற்குத் தனிப் பதிவும், பாலிசியில் தனிக் குறிப்பும் இருக்கிறதா என்று கேட்பது அவசியம்.

இதையெல்லாம் தாண்டிய வண்டிக்கே மெக்கானிக்கின் நேரத்தைச் செலவிட வேண்டும். சூடான இன்ஜின் பல குறைகளை மறைக்கும். ஆகவே இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நம் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்வது நல்லது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கிருந்து புகை குப்குப்பென்று அடிக்கக் கூடாது. அடித்தால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன. ரோட்டவேட்டரை மாட்டி முழு உயரத்துக்குத் தூக்கிவிட்டுப் பத்து நிமிடம் பார்த்தால் ஹைட்ராலிக்கின் நிலை தெரிந்துவிடும். தானாக இறங்கினால் லிஃப்ட்டில் வேலை இருக்கிறது. மணி மீட்டரை மட்டும் நம்புவதற்கில்லை, அதை மாற்றிவிட முடியும். மீட்டர் குறைந்த மணி காட்டும்போது கிளட்ச் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் பெடல் சொல்வதை நம்புங்கள். சேற்று உழவு உழுத வண்டியில் முன் அச்சையும் பின் அச்சின் சீல்களையும் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

பெயர் மாற்றச் சொன்னால் வரும் மறுப்புகளில் முதலாவது, ‘தெரிஞ்ச ஆளு, நம்பிக்கைதான்’ என்பது. நம்பிக்கை விற்பவர் உயிரோடும் கடனில்லாமலும் இருக்கும்வரை சரி. அவர் இறந்துவிட்டால் வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் கையெழுத்து என்று வேலை பல மடங்காகும். பங்காளித் தகராறு இருந்தால் வெறும் ஃபார்மில் இருக்கும் பழைய கையெழுத்து எதற்கும் உதவாது. இரண்டாவது, ‘தோட்டத்துக்குள்ளேதானே ஓடப் போகுது’ என்பது. ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக ஊர்ச் சாலையைக் கடக்காத டிராக்டர் அரிது. பொதுமக்கள் புழங்க உரிமையுள்ள எந்த இடமும் சட்டத்தின் கண்ணில் பொது இடம்தான். காப்பீடு இல்லாமல் அங்கே ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. மூன்றாவது மறுப்பில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது: வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அலைய ஒரு நாள் கூலி போகிறது, புரோக்கர் கமிஷன் தனி. ஆனால் இந்தச் செலவு ஒரு முறைதான் வரும். அதை முன்கூட்டியே விலையில் கழித்துப் பேசலாம். ஆண்டுக்குச் சில நாள் உழவுக்காக மட்டும் வாங்க நினைப்பவர் வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்தில் மணிக் கணக்குக்கு டிராக்டர் எடுத்தால் இந்த அலைச்சலே இல்லை.

வாங்குவது என்று முடிவானால், பணத்தைக் காகிதத்தோடு கட்டிப்போடுவதுதான் சூத்திரம். சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர், விலை, ஒப்படைத்த தேதியும் நேரமும், அதுவரையிலான வழக்கு, அபராதம், கடன் ஆகியவை விற்பவர் பொறுப்பு என்ற உறுதி, நீதிமன்றத் தடை எதுவும் இல்லை என்ற வாக்கியம் ஆகிய எல்லாவற்றையும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். பணம் வங்கி வழியாகப் போகட்டும். ஒரு பகுதி பெயர் மாறிய பிறகே போகட்டும். விற்பவர் 29-ஆம் எண் படிவத்தில், ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள், தகவல் கொடுக்க வேண்டும். வாங்கியவர் 30-ஆம் எண் படிவத்தோடு 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேறு மாநில வண்டிக்கு அந்த மாநில அலுவலகத்தின் என்.ஓ.சி. தேவை. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு 14 நாளுக்குள் சொல்ல வேண்டும். பதிவாகி 15 ஆண்டு ஆகப் போகும் வண்டி என்றால் ஆர்.சி. புதுப்பிக்கும் செலவையும் ஆய்வையும் யார் பார்ப்பது என்று முன்பே பேசிக்கொள்ளலாம். மானியத்தில் வாங்கிய வண்டியா என்றும், அதை விற்க நிபந்தனை ஏதும் உண்டா என்றும் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிடலாம்.

ஏமாந்துவிட்டால் வழி இருக்கிறது, ஆனால் அது யாரிடம் வாங்கினோம் என்பதைப் பொறுத்தது. பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடையில் வாங்கியிருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, கைகொடுக்கும். சொந்தப் பிழைப்புக்காகத் தாமே ஓட்டும் விவசாயியின் வண்டி ‘வணிக நோக்கம்’ ஆகாது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் ஆலோசனை கிடைக்கும். பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கடையிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்ட வண்டிக்கு அந்தக் கடையே உரிமையாளராகக் கருதப்படும். ஆகவே கடையின் அங்கீகாரச் சான்றைக் கேட்பது வாங்குகிறவரின் உரிமை. பக்கத்து ஊர்க்காரர் தன் சொந்த வண்டியை விற்றிருந்தால் பொதுவாக அவர் வியாபாரி ஆகமாட்டார். அங்கே சிவில் நீதிமன்றம்தான். சரக்கு விற்பனைச் சட்டம், 1930, விற்கும் உரிமை இல்லாமல் விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க வாங்கியவருக்கு இடம் தருகிறது. இன்ஜின் குறையை மட்டும் பெரும்பாலும் வாங்குகிறவரே பார்த்து வாங்கியிருக்க வேண்டும் என்றே கொள்கிறது. தெரிந்தே ஏமாற்றியிருந்தால் மோசடிக்குப் போலீஸ் புகார் தரலாம். வக்கீல் செலவுக்கு வழியில்லாதவர்கள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். அதற்கான எண் 15100.

ஆனாலும் வழக்கு என்பது பணம் போன பிறகு தொடங்கும் ஓட்டம். விற்றவர் கையில் சொத்தே இல்லாவிட்டால் வெற்றித் தீர்ப்பும் வெறும் தாள். பெயர் மாறும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பது அந்த ஓட்டத்தையே தவிர்க்கும் மிக மலிவான காப்பீடு. காகிதம் சுத்தமாக உள்ளவருக்கு இந்த நிபந்தனையால் சில வாரத் தாமதத்தைத் தவிர நஷ்டம் ஒன்றுமில்லை. பெயர் மாறுவதில் அவருக்கும் பாதுகாப்பு இருக்கிறது என்று எடுத்துச் சொன்னால் அவரே முன்வருவார். சொன்ன பிறகும் மறுக்கிறவரின் வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.