கிறிஸ்துமஸ் விடுமுறையில் பூட்டப்பட்ட பல்கலைக்கழகம்: ஹேக்கர்களுக்குப் பணம் கொடுத்தது ஏன்?

நெதர்லாந்தின் தென்கோடியில் இருக்கும் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2019 டிசம்பர் 23 அன்று விடுமுறை மனநிலை. பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். அன்று மாலை சர்வர்கள் ஒவ்வொன்றாக முடங்கின. மின்னஞ்சல் இல்லை, நூலகத் தளம் இல்லை, ஆய்வுத் தரவுகளைத் திறக்க முடியவில்லை. கோப்புகள் எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன. திறக்கும் சாவி வேண்டுமென்றால் பிட்காயினில் பணம் கட்ட வேண்டும். இதைத்தான் ரான்சம்வேர் என்கிறார்கள். இங்கே பயன்பட்டதன் பெயர் க்ளாப்.

திருடன் உள்ளே வந்தது எப்போது?

டிசம்பரில் அல்ல, அக்டோபர் நடுவிலேயே. ஊழியர்களுக்கு வந்த போலி மின்னஞ்சலில் இருந்த இணைப்பை யாரோ கிளிக் செய்ததுதான் தொடக்கம். உடனே யாரும் எதையும் பூட்டவில்லை. ஏறக்குறைய இரண்டு மாதம் அவர்கள் சத்தமில்லாமல் நெட்வொர்க்கைச் சுற்றிப் பார்த்தார்கள். எந்த சர்வர் எங்கே, எதற்கு யார் பொறுப்பு, பேக்கப் எங்கே போகிறது என்று நோட்டம் விட்டார்கள்.

விசாரணை நடத்திய டச்சு நிறுவனமான ஃபாக்ஸ்-ஐடி, டிஏ505 என்று துறையினர் அழைக்கும் கும்பலின் பாணி இது என்றது. நவம்பரில், பாதுகாப்பு அப்டேட் போடாமல் விட்ட சர்வர்கள் வழியாக அவர்களுக்கு முழு நிர்வாக உரிமை கிடைத்தது. அந்தக் குறைக்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதே ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாகிரை உலகத்தையே உலுக்கியது. இரண்டரை வருடம் கழித்தும் அந்தக் கதவு திறந்தே கிடந்தது.

இதைக் கேட்டதும் "ஐடி ஆளுங்க தூங்கிட்டாங்களா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் அங்கே இருந்தவை 1,647 சர்வர்கள், 7,307 கணினிகள். ஏதோ ஓர் ஆய்வகத்தில் பழைய மென்பொருளோடு ஓடும் இயந்திரம் ஒன்று இருக்கும். அப்டேட் போட்டால் கருவி நின்றுவிடும் என்று பேராசிரியர் தடுப்பார். வங்கியில் தலைமை அலுவலகம் சொன்னால் அத்தனை கிளையும் கேட்கும். பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு துறையும் ஒரு தனி ராஜ்யம். ஐடி தலைவரின் வேலையில் கணினி பாதி என்றால், இந்த ராஜ்யங்களோடு பேசிச் சம்மதிக்க வைப்பது மீதி.

பணம் கொடுத்தது சரியா?

பூட்டப்பட்டவை 267 விண்டோஸ் சர்வர்கள். எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் மற்ற எல்லாம் அவற்றை நம்பித்தான் ஓடின. பேக்கப் இருந்ததா? இருந்தது. முக்கியமான சிலவற்றின் பேக்கப் அதே நெட்வொர்க்கில் இணைந்திருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டது. வீட்டுச் சாவியின் நகலை அதே வீட்டுக்குள் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திய கதை.

நிர்வாகத்தின் முன் இரண்டே வழிகள். எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டுவது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும், சில தரவுகள் திரும்பி வராமலே போகலாம். அல்லது பணம் கட்டுவது. ஜனவரியில் தேர்வுகள் காத்திருந்தன. ஆராய்ச்சி மாணவர்கள் சிலருக்குப் பல வருட உழைப்பே அந்தக் கோப்புகள்தான். ஒரு வாரம் யோசித்து, டிசம்பர் இறுதியில் 30 பிட்காயின் கட்டினார்கள். அன்றைய மதிப்பு 1,97,000 யூரோ, நம் பணத்தில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ரூபாய். ஜனவரி 6 அன்று வகுப்புகள் தொடங்கின.

பொதுப்பணத்தைக் குற்றவாளிகளுக்குக் கொடுப்பது அடுத்த பல்கலைக்கழகத்தைத் தாக்கக் கூலி கொடுப்பது போல என்று விமர்சனம் எழுந்தது. அந்த விமர்சனம் நியாயமானதுதான். ஆனால் முடிவெடுக்கும் நாற்காலியில், தேர்வு எழுத முடியாத மாணவரின் முகம்தான் முதலில் தெரியும்.

பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. டச்சு போலீஸ் பணத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய், யுக்ரேனில் பணமோசடி செய்பவர் ஒருவரின் கணக்கை முடக்கியது. அதில் இருந்தது கட்டிய தொகையில் ஒரு சிறு பகுதி, அப்போது சுமார் 40,000 யூரோ. வழக்கு நடந்த காலத்தில் கிரிப்டோ விலை ஏறிவிட, 2022-ல் அதன் மதிப்பு சுமார் 5 லட்சம் யூரோ ஆகியிருந்தது. பணக்கஷ்டத்தில் இருக்கும் மாணவர்களுக்கு உதவும் நிதியில் அதைச் சேர்ப்பதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. (தாக்குதலால் ஆன மொத்தச் செலவு இதைவிட அதிகம் என்பதையும் சேர்த்தே சொன்னது.)

அதே மாதம், ஜெர்மனியில்

மாஸ்ட்ரிக்டுக்கு இரண்டு வாரம் முன்பு, டிசம்பர் 8 அன்று, ஜெர்மனியின் கீசன் நகரப் பல்கலைக்கழகமும் தாக்கப்பட்டது. அங்கே மொத்த நெட்வொர்க்கையும் அவர்களே அணைத்துவிட்டார்கள். கணினிகளைச் சோதிக்க 1,200 யுஎஸ்பி ஸ்டிக்குகள் விநியோகிக்கப்பட்டன. முன்னெச்சரிக்கையாக 38,000 பேரின் பாஸ்வேர்டும் மாற்றப்பட்டது.

புதிய பாஸ்வேர்டை மின்னஞ்சலில் அனுப்ப முடியாது. விதிப்படி அடையாள அட்டையோடு நேரில்தான் வாங்க வேண்டும். பிறந்த தேதி வாரியாக நாள் ஒதுக்கினார்கள். விளையாட்டு அரங்கத்தின் வாசலில் பேராசிரியரும் மாணவரும் ஒரே வரிசையில், குளிரில் நின்று, பாஸ்வேர்டு அச்சிட்ட காகிதத்தை வாங்கிப் போனார்கள். ரேஷன் கடை வரிசை பார்த்தவர்களுக்கு அந்தப் புகைப்படங்கள் புதிதாக இருக்காது.

அதன் பிறகு என்ன மாறியது?

மாஸ்ட்ரிக்ட் செய்த ஒரு காரியம் இன்றும் பேசப்படுகிறது. 2020 பிப்ரவரி 5 அன்று பொதுக் கருத்தரங்கு நடத்தி, ஃபாக்ஸ்-ஐடி அறிக்கையை வெளியிட்டது. எந்த நாளில் எந்தத் தவறு நடந்தது, எவ்வளவு கட்டினோம் என்பதெல்லாம் அதில் இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் "தொழில்நுட்பக் கோளாறு" என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளும்.

செய்த திருத்தங்களில் கவர்ச்சியானது எதுவும் இல்லை. நெட்வொர்க்கைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரிப்பது, நிர்வாக உரிமை உள்ளவர்களைக் குறைப்பது, 24 மணி நேரக் கண்காணிப்பு, நெட்வொர்க்கோடு ஒட்டாத தனி பேக்கப். இவற்றுக்குப் பட்ஜெட் கேட்பதுதான் கஷ்டம். புதிய செயலி என்றால் திறப்பு விழா நடத்தலாம், பேக்கப்புக்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டார்கள்.

உங்கள் கல்லூரியில் நிலைமை எப்படி என்று அறிய ஐடி பிரிவிடம் "பேக்கப் இருக்கா?" என்று கேட்டால் போதாது, "இருக்கு" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது வேறு: "அந்த பேக்கப்பிலிருந்து ஒரு சர்வரை முழுசா மீட்டெடுத்துப் பார்த்தது கடைசியா எப்போ?"