பாய்மரப் படகின் பல்சக்கரப் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை மாலையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு கேட்வே ஆப் இந்தியாவிற்குச் செல்லும் நம் அன்பர்கள், கடலில் வெண்ணிறப் பாய் விரித்து மிதக்கும் சிறு படகுகளைக் கண்டிருப்பார்கள். “அது காற்றினாலேயே போகிறதா அப்பா?” என்று பிள்ளை வினவினால் ஆம் என்று தலையசைத்துவிடுகிறோம். அது பாதி உண்மைதான். அப்படகுகளில் பெரும்பாலானவற்றின் அடிவயிற்றில் ஒரு சிறு டீசல் யந்திரமும், அதன் முதுகில் ஒட்டியவாறு ஒரு பல்சக்கரப் பெட்டியும் உண்டு. ‘கியர் பாக்ஸ்’ என்று நம் பட்டறைப் பிள்ளைகள் சொல்வது அதனையே. பிட்டர் வேலையில் ஆயுளைக் கழித்துவிட்டுச் செம்பூரில் ஓய்ந்திருக்கும் அடியேனுக்கு, அத்தகைய பெட்டியொன்றைப் பிரித்துப் பூட்டும் வாய்ப்பு அண்மையில் கிட்டிற்று.

நடுக்கடலில் இந்தப் பெட்டிக்கு வேலை அதிகமில்லை. நமது மும்பையில், அந்நாளைய பம்பாயில், தேக்கு மரத்தால் கட்டப்பெற்று 1964-ல் நீரில் இறக்கப்பட்ட ‘சுஹைலி’ என்னும் 32 அடிப் படகில்தான் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1968 ஜூனில் புறப்பட்டு, 1969 ஏப்ரலில், எங்கும் நில்லாமல் தன்னந்தனியே உலகைச் சுற்றி முடித்தார். அவ்வாறு செய்த முதல் மனிதர் அவரே. அந்தப் படகைக் கட்டிய கைகள் நம்மூர்த் தச்சர்களின் கைகள் என்பதை ஏனோ நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. பின்னர் 2012 நவம்பர் 1-ஆம் தேதி, இதே கேட்வே முன்னிலையிலிருந்து கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி ‘மாதேயி’ என்னும் படகில் புறப்பட்டு, இடையில் எத்துறையிலும் தங்காமல் 2013-ல் இங்கேயே திரும்பி வந்தார். அத்தனை தூரத்தையும் ஈந்தது காற்று.

துறைமுகத்துக்குள் நுழைந்தால் கதை வேறு. மும்பைத் துறையில் கடல் ஏறுவதும் வற்றுவதும் பெரிய பருவ நாட்களில் நான்கு மீட்டரையும் தாண்டும். அவ்வளவு நீர் ஆறு மணி நேரத்தில் வெளியேறும்போது நீரோட்டம் எப்படியிருக்குமென்று எண்ணிப் பாருங்கள். மே மாதக் கடைசியில் ஒரு மாலை, ஒரு தனவந்தரின் படகில் யந்திரத்தின் ஓசையைக் கேட்டுச் சொல்வதற்காக நானும் ஏறியிருந்தேன். காற்று திடீரென்று விழுந்தது. பாய் துவண்டது. யந்திரத்தைக் கிளப்பிக் கைப்பிடியை முன்னே தள்ளினார்கள். யந்திரம் உறுமியது, படகோ நகரவில்லை. வற்றத்தின் இழுப்பில், நங்கூரமிட்டிருந்த ஒரு சரக்குக் கப்பலை நோக்கிப் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தோம். அதன் இரும்புச் சுவர் வளர்ந்துகொண்டே வந்தது. படகோட்டி நங்கூரத்தை வீசி, அது மண்ணைப் பற்றும்வரை ஒருவரும் பேசவில்லை. பற்றியது. நான் வீடு சேர்ந்தபோது, “ஏன் முகம் இப்படி வெளிறியிருக்கிறது?” என்று மனைவி கேட்டாள். வெயில் என்று சொல்லிவைத்தேன்.

மழைக்காலம் தொடங்குமுன் படகுகளைக் கரையேற்றுவது இங்கு வழக்கமாதலால், அப்படகும் ஜூனில் கரையேறியது. பெட்டியைக் கழற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. துணைக்குத் தாராவி தொண்ணூறு அடிச் சாலையில் வளர்ந்த ஒரு பையனை அழைத்துக்கொண்டேன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டவன். தாருகானாவில் லேத் பட்டறையொன்றில் எடுபிடியாக இருந்தான். இந்த வேலை நன்றாக முடிந்தால் அவனை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். ஆகவே படகுக்காரருக்கு இருந்த கவலையைவிட அவனுக்கு இருந்த கவலை பெரிது.

முதலில் ஸ்பானரைத் தொடலாகாது. கைப்பிடியிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கேபிளைப் பார்க்கவேண்டும். கேபிள் தளர்ந்து, பெட்டியின் நெம்புகோல் முழுத் தூரம் நகராவிட்டால் கிளட்ச் அரைகுறையாகப் பிடித்து வழுக்கும். பல ஆண்டுகளுக்கு முன் இதைப் பாராமல் ஒரு பெட்டியை முழுதும் பிரித்துப்போட்டு, உள்ளே ஒரு குறையும் காணாது விழித்த அனுபவம் எனக்கு உண்டு. இம்முறை கேபிள் ஒழுங்காகவே இருந்தது. எண்ணெய் அளவுகோலை உருவினோம். சிவந்து தெளிந்திருக்க வேண்டிய எண்ணெய் பால் விட்ட காப்பியைப்போல் இருந்தது. உள்ளே நீர் புகுந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

இப்பெட்டியின் எண்ணெயைக் குளிர்விக்கக் கடல்நீர் ஓடும் ஒரு குழாய்க்கூடு உண்டு. அதிலே ஊசி முனையளவு துளை விழுந்திருந்தது. உப்பு நீர் சிறிது சிறிதாகக் கலந்து, எண்ணெயின் வழுக்குந்தன்மையைக் கெடுத்து, கிளட்ச் தகடுகளை மொழுக்கென்று தேய்த்து, பேரிங்குகளில் அம்மைத் தழும்புபோல் குழிகளைப் பறித்துவிட்டது. வெறும் பெட்டியைப் புதுப்பித்து, அந்தக் கூட்டை மாற்றாமல் விட்டிருந்தால் அடுத்த ஆண்டும் இதே வேலைதான்.

கழற்றுவது எளிது என்று தோன்றும். பெட்டியின் எடையும் பெரிதில்லை. ஆனால் படகின் வயிற்றில் தலைகுப்புறத் தொங்கியவாறு செய்யவேண்டியிருப்பதால், முப்பது நிமிட வேலை முழு நாளாகிறது. யந்திரத்தின் பின்பாரத்தைத் தாங்கும் கால்கள் சில படகுகளில் பெட்டியோடு பிணைந்திருக்கும். முட்டுக்கொடுக்காமல் கழற்றினால் யந்திரம் சாய்ந்துவிடும். விசிறித் தண்டின் இணைப்பு வட்டுகளில் எது எதற்கு நேர் என்று அடையாளக் கோடு இட்டபிறகே போல்ட்டுகளை நீக்கினோம். தண்டைப் பின்னே தள்ளும்போது விசிறி சுக்கானில் இடிக்கிறதா என்று வெளியே நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அதற்குப் பையனை நிறுத்தினேன்.

பேரிங்குகளும் ஆயில் சீல்களும் எண்ணும் அளவும் பொறித்தே வருபவை. நாக்தேவித் தெருவில் அரைநாள் அலைந்தால் கிடைத்துவிடும். கிளட்ச் தகடுகள் அப்படியல்ல. அவற்றைப் பெட்டி செய்தவரிடமிருந்தே தருவிப்பது நலம். காசை மிச்சம்பிடிக்க எண்ணி அங்கே கைவைப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. பேரிங்கின் இறுக்கத்தை நிர்ணயிக்கும் மெல்லிய ஷிம் தகடுகளைப் பையன் ஒவ்வொன்றாக மைக்ரோமீட்டரில் அளந்து, ஒரு பள்ளி நோட்டில் குறித்து வைத்தான். நான் சொல்லிக்கொடுத்ததன்று, அவனே செய்தான்.

மறுபடி பொருத்துகையில் பெட்டியின் தண்டு யந்திரத்தின் அதிர்வுத் தட்டிலுள்ள பற்களுக்குள் தானாக நழுவிச் சேரவேண்டும். சேராதபோது போல்ட்டை முறுக்கி இழுத்தால் உடைவது உறுதி. பிறகு வருவது நேர்ப்படுத்துதல். இரு வட்டுகளுக்கும் இடையே மேல், கீழ், வலம், இடம் என நான்கு இடங்களில் ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்க்க, 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டில் வேறுபாடு 0.1 மில்லிமீட்டருக்கு மேல் இருத்தலாகாது. தண்டைக் கால் சுற்றுத் திருப்பி மீண்டும் அளக்கவேண்டும். கரையிலேயே அனைத்தையும் அளந்து, முடிந்தது என்று கையைத் துடைத்தேன்.

“அண்ணாச்சி, தண்ணிக்குள்ள எறக்குனா படகோட உடம்பு கொஞ்சம் மாறும்லா? அப்பமும் இது நேராத்தான் இருக்குமா?” என்றான் பையன்.

எனக்குச் சுருக்கென்றது. கரையில் கட்டைகள்மேல் நிற்கும் படகு ஒரு வடிவம். நீர் தாங்கும் படகு வேறொரு வடிவம். இதை அறிந்திருந்தும், முடிக்கும் அவசரத்தில் மறந்திருந்தேன். அக்டோபரில் படகை நீரில் இறக்கி, இரண்டு நாள் அப்படியே கிடக்கவிட்டு அளந்தோம். அடிப்பக்கத்து இடைவெளி நாம் அனுமதிக்கும் அளவைப்போல் நான்கு மடங்கு இருந்தது. யந்திரக் கால்களின் மரைகளை மெல்ல மெல்லத் திருப்பிச் சரிசெய்ய ஒரு பகல் ஆயிற்று. விட்டிருந்தால் புதிய சீல்களும் பேரிங்கும் சில மாதங்களில் போயிருக்கும்.

பாயில் ஓடும்போது நீரின் வேகத்தில் விசிறி தானே சுழலும். கைப்பிடியை எங்கே வைப்பது என்று படகுக்காரர் கேட்டார். சில பெட்டிகளை நடுநிலையில்தான் விடவேண்டும். சிலவற்றைப் பின்னோட்டத்தில் பூட்டலாம். முன்னோட்டத்தில் வைப்பது தவறு. செய்தவரின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும் என்றேன்.

வேலைக்கிடையே பையன் ஒரு செய்தியைச் சொன்னான். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி என்னும் கடற்படை அதிகாரி, தில்னா என்ற தோழியோடு ‘தாரிணி’ என்னும் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பியிருக்கிறாராம். அதே தாரிணிதான் 2018-ல் ஆறு பெண்களோடு உலகைச் சுற்றி வருகையில் சுக்கான் பொறி பழுதாகி, பழுது பார்ப்பதற்காக மொரீஷியஸின் போர்ட் லூயி துறைக்குள் நுழைய நேர்ந்தது. “அங்க யாரு அண்ணாச்சி சரி பண்ணியிருப்பா?” என்று கேட்டான். நம்மைப்போல் யாரோ, என்றேன்.

சோதனை ஓட்டத்தன்று வற்றம் பலமாயிருந்த நேரத்தையே வேண்டுமென்று தேர்ந்தெடுத்தேன். கைப்பிடியை முன்னே தள்ளியதும் படகு எதிர்நீரில் ஏறிச் சென்றது. ஒரு மணி கழித்து யந்திரத்தை நிறுத்தி, பையன் அளவுகோலை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தான். சிவப்பாக இருந்தது. அடுத்த வாரம் பட்டறைக்காரர் அவனைச் சம்பளத்தில் சேர்த்துக்கொண்டார். புதுப்பித்த பெட்டிக்கு முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றிவிடவேண்டும்; அதற்கு இம்முறை அவன் தனியாகவே போகிறான்.