மழலைக் கல்வியும் மனையும்

ஜெர்மனி தேசத்துப் புரோபெல் என்னும் அறிஞர், 1837-இல் தாம் தொடங்கிய சிறுவர் பள்ளிக்கு 1840-இல் ‘குழந்தைகள் தோட்டம்’ எனப் பொருள்படும் பெயரிட்டார். செடியை இழுத்து வளர்ப்பார் உண்டோ? மாலையில் வீடு திரும்பும் ஐந்து வயதுக் குழந்தையை, "படித்ததை ஒப்பி" என்று அதட்டுவோர் இதனை எண்ணுதல் வேண்டும்.

1939-இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்க்குப் பயிற்சியளித்த மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாள் எழுத்துக்களைக் குழந்தைகள் விரலால் தடவிக் கற்கும் முறையை வகுத்தவர். கண்ணும் செவியும் விரலும் ஒருங்கே தொழிற்படுதலின் எழுத்து மனத்திற் பதியும். வீட்டில் இதற்கு ஒரு தட்டு மணலே போதும். பள்ளியில் ‘ப’ கற்ற நாளில், அதனை மணலில் எழுதுவித்து, பல், பழம், பசு எனச் சொல்லுவிக்க. எண் கற்ற நாளிற் புளியங்கொட்டைகளை ஐந்தைந்தாகக் கூறுவைக்கட்டும். இரவுணவுக்கு வேண்டிய தட்டுக்களை எண்ணி வைக்கட்டும். உறங்குமுன் ஒரு கதை சொல்லி, மறுநாள் அதனைக் குழந்தையின் வாய்மொழியாற் கேட்க.

இவற்றிற்குக் கால்மணி நேரம் அமையும். பெற்றோர்க்கு ஓய்வில்லையேல், கல்லூரி மாணவராகிய தமையனும் தமக்கையும் இதனைச் செய்யலாம். பிழை நேரின் கடிந்துரையற்க. இன்று வாராத எழுத்து நாளை வரும்; அச்சத்தால் அகன்ற ஆர்வம் மீளுதல் அரிது.