நோய்க் காலத்தில் அரசும் வியாபாரியும்



2020 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் கொரோனா பரவத் தொடங்கியபோது, முகக்கவசம் தேடி மக்கள் கடை கடையாக அலைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முந்திய மாதம்வரை யாரும் திரும்பிப் பார்க்காத அந்தச் சிறு பொருள், சில கிழமைகளுக்குள் கிடைத்தற்கரியதாகி விட்டது.

அப்படியான வேளையில் ஓர் அரசாங்கம் என்ன செய்ய வேண்டும்? “எல்லாவற்றையும் அரசாங்கமே செய்யட்டும்” என்பார் சிலர். ஆனால் இயந்திரமும் மூலப்பொருளும் வேலை தெரிந்த ஆட்களும் பெரும்பாலும் தனியாரிடம்தானே இருக்கின்றன! “அப்படியானால் வியாபாரிகளிடமே விட்டுவிடுங்கள்” என்பார் வேறு சிலர். விட்டால், வசதியுள்ளவர் பெட்டி பெட்டியாக வாங்கிப் போவார். கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது.

கலியாண வீட்டுச் சமையலைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பேருக்கு ஆக்க நம் வீட்டு அடுப்பு போதாது. சமையற்காரரை அழைக்கத்தான் வேண்டும். அதற்காகக் களஞ்சிய அறைச் சாவியையும் பணப்பையையும் அவர் கையில் கொடுத்துவிட்டு எந்த வீட்டுக்காரியாவது போய்ப் படுப்பாளா? எவ்வளவு அரிசி, எவ்வளவு இறைச்சி, என்ன கூலி என்று முதலிலேயே பேசி முடிக்கிறாள். ஒவ்வொரு சஹனுக்கும் பங்கு சரியாக வந்ததா என்றும் பார்க்கிறாள். நோய்க் காலத்தில் அரசாங்கம் தனியார் துறையை அழைப்பதும் இது போன்றதே. இரண்டு நாடுகள் இதை எப்படிச் செய்தன என்று பாருங்கள்.

தாய்வான் செய்தது

தாய்வானில் சுமார் 2 கோடி 30 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். 2020 ஜனவரியில் அங்கு நாளொன்றுக்குச் சுமார் 18 இலட்சத்து 80 ஆயிரம் முகக்கவசங்களே உற்பத்தியாகின. அம்மாத இறுதிக்குள் அரசாங்கம் ஏற்றுமதியைத் தடை செய்தது. உள்நாட்டுத் தொழிற்சாலைகள் செய்த முகக்கவசங்கள் அனைத்தையும் தானே விலை கொடுத்து எடுத்துக்கொண்டது.

அத்தோடு நிற்கவில்லை. அரசாங்கம் தன் பணத்தில் முதலில் 60 உற்பத்தி இயந்திரத் தொகுதிகளுக்குக் கட்டளை கொடுத்து, அவற்றைத் தொழிற்சாலைகளில் நிறுவியது. வழமையில் ஒன்றோடொன்று போட்டியிடும் இயந்திர உற்பத்தி நிறுவனங்கள் தம் தொழில்நுட்பவியலாளர்களை அனுப்பி அவற்றைப் பொருத்த உதவின. பல மாதம் பிடிக்க வேண்டிய வேலை சில கிழமைகளில் முடிந்தது. மார்ச் நடுப்பகுதியில் நாளொன்றுக்கு ஒரு கோடியளவு முகக்கவசங்கள் வெளிவந்தன.

பங்கீட்டைக் கவனியுங்கள். பெப்ரவரி 6 முதல், மக்கள் தம் சுகாதாரக் காப்புறுதி அட்டையைக் காட்டி, தனியார் மருந்துக் கடைகளிலும் சுகாதார நிலையங்களிலும் வாங்கினர். முதலில் ஒருவருக்குக் கிழமைக்கு 2. விலை ஒன்று 5 தாய்வான் டொலர். அடையாள எண் ஒற்றையில் முடிபவருக்குச் சில நாட்கள், இரட்டையில் முடிபவருக்கு வேறு நாட்கள், ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும். எந்தக் கடையில் எத்தனை மிஞ்சியுள்ளன என்ற விபரத்தை அரசாங்கம் பகிரங்கமாக வெளியிட்டது. அதைக் கொண்டு கணினி வல்லுநர்கள் வரைபடங்கள் செய்து கொடுத்தனர். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெறுங்கடைக்கு அலையும் தாயின் சிரமம் இதனால் எவ்வளவு குறைந்திருக்கும்!

அங்கும் ஏமாற்று நடக்காமலில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில், இத்திட்டத்தில் சேர்ந்திருந்த ஒரு நிறுவனம் சீனாவிலிருந்து இறக்கிய முகக்கவசங்களை உள்நாட்டுப் பொருள் எனக் கலந்து கொடுத்தது பிடிபட்டது. கணக்கும் கண்காணிப்பும் இருந்தால்தான் இப்படியானவை வெளிச்சத்துக்கு வரும்.

பிரித்தானியாவில் நடந்தது

பிரித்தானியாவின் நிலை வேறு. உள்நாட்டு உற்பத்தி போதாது, வைத்தியசாலைகளிலோ தட்டுப்பாடு, உலக நாடுகள் எல்லாம் ஒரே சந்தையில் முண்டியடித்த காலம். எனவே வழமையான போட்டி விலைகோரல் இன்றியே அரசாங்கம் பாதுகாப்பு உடைகளையும் முகக்கவசங்களையும் கொள்வனவு செய்தது. அவசரத்தில் அதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் அமைச்சர்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள், அதிகாரிகள் போன்றோர் சிபாரிசு செய்த நிறுவனங்களுக்கென ஒரு தனி முன்னுரிமைப் பாதையும் திறக்கப்பட்டது!

அந்நாட்டின் தேசிய கணக்காய்வு அலுவலகம் 2020 நவம்பரில் இதை வெளிப்படுத்தியது. முன்னுரிமைப் பாதையில் வந்தவர்களில் சுமார் பத்துக்கு ஒருவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. பொதுப் பாதையில் வந்தவர்களிலோ நூற்றுக்கு ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை. அந்தப் பாதை இயங்கிய விதம் சட்டத்துக்கு முரணானது என 2022 ஜனவரியில் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பணத்துக்கு என்ன நடந்தது? 2020-21 நிதியாண்டில் சுமார் 1,210 கோடி பவுணுக்கு வாங்கிய இப்பொருட்களின் பெறுமதியில், சுகாதாரத் திணைக்களம் 870 கோடி பவுணை இழப்பாக எழுத நேர்ந்தது. இதில் பெரும்பகுதி, உச்ச விலையில் வாங்கியபின் சந்தை விலை விழுந்ததால் வந்தது. மீதியில் பாவிக்க முடியாதவையும் பொருத்தமற்றவையும் காலாவதியானவையும் அடங்கும்.

நாம் கேட்க வேண்டியவை

சகோதரிகளே, இரு நாடுகளும் தனியாரை நாடின. அதில் பிழையில்லை, வேறு வழியுமில்லை. தாய்வானில் விலையும் பங்கும் முதலிலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தன. பிரித்தானியாவில் யாருக்கு யார் சிபாரிசு செய்தார் என்பதைப் பின்னர் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. அவசரம் என்பது விரைவாகச் செய்வதற்கான காரணம். மறைத்துச் செய்வதற்கான காரணமல்ல.

பொதுப்பணம் ஓர் அமானிதம். நாம் வாங்கும் சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் கொடுக்கும் வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. எனவே, அடுத்த நோய் வரும்போது, “இதெல்லாம் பெரியவர்களின் விவகாரம்” என்று ஒதுங்கிவிடாதீர்கள். எந்த நிறுவனத்திடம் வாங்கினீர்கள்? என்ன விலைக்கு? யார் தெரிவு செய்தது? ஏழையின் வீட்டுக்கு எத்தனை வந்தது? என்று கேளுங்கள். கடைக்காரரிடம் மிச்சக் காசை எண்ணி வாங்கும் உங்களுக்கு இந்தக் கேள்விகள் புதியவையல்லவே!